உவர்மலை வீட்டு பாத்டப்: எடுப்பதா, வைப்பதா?

2024 மார்ச்சில் ஒரு காலை டீச்சர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஐயா பாத்ரூமில வழுக்கி விழுந்திட்டார். எலும்பு முறியேல்ல, மணிக்கட்டுதான் வீங்கியிருக்கு. அந்த டப்பை உடைச்சு எடுக்கிறதோ, வைக்கிறதோ எண்டு ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லுங்கோ."

திருகோணமலையில் வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் கீறிக் கொடுப்பதும், வேலை முடியும்வரை மேசன்மாரோடு கூட நின்று பார்ப்பதும் என் தொழில். டீச்சரும் அவருடைய கணவரான ஐயாவும் இருக்கிற வீட்டின் படத்தை 2017இல் கீறியவனும் நான்தான். "மகள் பாத்டப் ஒன்று வேணும் எண்டு சொல்லுறாள்" என்றதும், 5 அடிக்கு 2½ அடி என்று ஒரு நீள்சதுரம் போட்டு, மூலைகளை வளைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அதில் யார் குளிப்பார்கள், எப்படிக் குளிப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐயா விழுந்த செய்தி கேட்டபோது அதுதான் முதலில் மனதில் குத்தியது.

அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. மூன்று வாரம் போய் வந்து, அளந்து, வீட்டில் எல்லோரிடமும் கேட்டு எழுதி வைத்தேன். இப்போது புது வீடு கட்டுகிற மூன்றில் ஒருவராவது, பெரும்பாலும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள், டப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று, வீட்டாரின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு முழுவதையும் எழுதுகிறேன்.

வீடும் ஆட்களும்

உவர்மலையில், உட்துறைமுகத்துத் தண்ணீர் கொஞ்சம் தெரிகிற இடத்தில், 2018இல் கட்டி முடித்த மாடி வீடு. மேலே மகனும் மருமகளும் இரண்டு பிள்ளைகளும். கீழே டீச்சரும் ஐயாவும். டீச்சருக்கு எழுபது வயது, ஐயாவுக்கு எழுபத்தாறு. மகள் டொரண்டோவில். வீட்டுக்கு அனுப்பிய காசில் பெரும்பங்கு அவருடையது. கீழே முன்பக்கத்து அறையையும் அதோடு சேர்ந்த பாத்ரூமையும் அவர் வந்து தங்குவதற்கென்றே கட்டினோம். 2021இல் ஐயாவின் முழங்கால் மோசமாகி மாடிப்படி ஏற முடியாமல் போனதும் அந்த அறைக்கு அவர்களே வந்துவிட்டார்கள். ஆக, எப்போதாவது வந்து மூன்று வாரம் தங்குகிற ஒருவருக்காகச் செய்த பாத்ரூமை, வருடம் முழுவதும் இரண்டு வயதானவர்கள் பாவிக்க வேண்டி வந்தது.

பாத்ரூம் 8 அடிக்கு 5½ அடி. உள்சுவர் ஓரமாக டப். இடத்தை மிச்சம் பிடிக்க ஷவரையும் டப்புக்கு மேலேயே வைத்திருந்தோம். சாதாரணமாக மேல் கழுவுவதற்குக்கூட டப்புக்குள் ஏறித்தான் ஆக வேண்டும். வேறு இடமே இல்லை.

இன்னொரு தவறும் இருந்தது. டப் கடையிலிருந்து வந்தபோது தரைக் கொங்கிறீட் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. டப்புக்கு அடியில் வளைந்த கழிவுக்குழாய் உட்காரத் தேவையான உயரம் கிடைக்கவில்லை. மேசன் ஒரு வரிசை செங்கல் அடுக்கி அதற்கு மேல் டப்பைத் தூக்கி வைத்துவிட்டார். விளிம்பு 15 அங்குலத்தில் நிற்க வேண்டியது 19 அங்குலத்துக்கு ஏறியது. அன்று அது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. முழங்கால் மடங்காத ஒருவருக்கு அந்த 4 அங்குலம் எவ்வளவு என்பதை ஐயா எனக்கு நடித்துக் காட்டினார். இடது கையால் சுவரைப் பிடித்து, வலது கையால் தன் காலைத் தூக்கி உள்ளே வைத்து, பிறகு மற்றக் காலுக்கு அதே வேலை. உள்ளே கால் படுகிற இடம் வழவழப்பான அக்ரிலிக். சவர்க்கார நுரை இருந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். வெளியே வரும்போது ஈரக் காலோடு அதே சர்க்கஸ். விழுந்தது வெளியே வரும்போதுதான்.

உலக அளவில் விபத்து மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்ததாக உலக சுகாதார நிறுவனம் வைப்பது விழுதலைத்தான். அதில் பெரும்பங்கு வயதானவர்களுடையது. ஐயாவுக்கு மணிக்கட்டோடு போனது அதிர்ஷ்டம்.

அளந்தது

20 லீட்டர் வாளியால் அள்ளி ஊற்றி டப்பை நிரப்பினோம். மேலே வழிந்தோடும் துளை வரைக்கும் ஒன்பது வாளி, அதாவது 180 லீட்டர். ஆள் உள்ளே படுத்தால் உடம்பு இடம் பிடிக்கும் என்பதால், குளிப்பதற்கு ஆறரை வாளி, 130 லீட்டர் போதும். ஷவரின் கீழ் அதே வாளியை வைத்துப் பார்த்தால் 2 நிமிடம் 20 செக்கனில் நிரம்பியது. நிமிடத்துக்கு எட்டரை லீட்டர். ஏழு நிமிடக் குளிப்புக்கு 60 லீட்டர். ஐயா வாளியில் பிடித்துப் பேணியால் ஊற்றிக் குளித்தால் இரண்டு வாளி, 40 லீட்டர். தலை முழுகும் நாளில் மூன்று.

ஆக, ஒரு டப் குளிப்பு மூன்று பேரின் வாளிக் குளிப்பு. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இருபது நிமிடம் ஷவரைத் திறந்துவிட்டு நிற்கிற இளம் பிள்ளைகள் டப்பைவிட அதிகம் செலவழிக்கிறார்கள். ஆனால் இந்த வீட்டுக் கூரையில் இருப்பது 1000 லீட்டர் டாங்கி. குழாய்த் தண்ணீர் 40 கிலோமீற்றர் அளவுக்கு அப்பால் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வருகிறது. கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று அடிக்கிற மே முதல் ஆகஸ்ட் வரை குழாயில் அமுக்கம் குறைந்து, இரவில்தான் டாங்கி நிரம்பும். ஆறு பேர் இருக்கிற வீட்டில் மாலை ஆறு மணிக்கு ஒருவர் 130 லீட்டரை எடுத்துவிட்டால், பாத்திரம் கழுவ நிற்கிற மருமகளுக்குக் குழாய் காற்றைத்தான் தரும். மகள் வந்து நிற்கிற மாதமும் ஆகஸ்ட்தான்.

சூட்டுக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. சுவரில் 3.5 கிலோவாட் ஹீற்றர். காலை ஆறு மணிக்கு டாங்கித் தண்ணீர் 27 பாகை. டப்பில் சுகமாகப் படுக்க 39 பாகையாவது வேண்டும். 130 லீட்டரை 12 பாகை ஏற்ற 1.8 யூனிற் மின்சாரம் போகும். காசைவிட நேரம்தான் பிரச்சினை. அந்த ஹீற்றரால் அந்தச் சூட்டில் நிமிடத்துக்கு 4 லீட்டருக்குச் சற்று மேல்தான் தர முடியும். நிரம்ப அரை மணித்தியாலம். முதலில் விழுந்த தண்ணீர் அதற்குள் ஆறத் தொடங்கிவிடும். குளிர்நாடுகளில் நிலக்கீழ் அறையில் பெரிய சுடுநீர்த் தாங்கி இருக்கும், பத்து நிமிடத்தில் டப் நிரம்பும். அந்தத் தாங்கி இல்லாமல் டப்பை மட்டும் கொண்டு வந்து வைத்திருக்கிறோம். டப் கேட்கிறவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்கிற கேள்வி, "சுடுதண்ணி எங்கே இருந்து வரும்?" என்பதுதான்.

பிற்பகல் மூன்று மணிக்கு அதே டாங்கித் தண்ணீர் 35 பாகை. வெயில் சும்மா தந்த சூடு. ஆனால் அந்த நேரத்தில், வெளியே கச்சான் காற்று கொதித்துக்கொண்டிருக்கும்போது, சுடுதண்ணீரில் படுக்க யாருக்கு மனம் வரும்? ஐயாவுக்கு வேறு ஆபத்தும் உண்டு. சூடான தண்ணீரில் படுத்தால் இரத்தக்குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும், எழும்பும்போது தலை சுற்றும். அவர் அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறவர்.

ஆறு வருடத்தில் அந்த டப் செய்த வேலை

மகள் 2019 ஆகஸ்டில் வந்தார், 2023 ஆகஸ்டில் வந்தார். இரண்டு முறையும் சேர்த்து டப்பில் நிறைத்துக் குளித்தது ஐந்தாறு தடவை இருக்கும் என்று அவரே சொன்னார். அவருடைய பிள்ளைகளும் மேல்மாடிப் பிள்ளைகளும் சேர்ந்து பச்சைத் தண்ணீரில் அடித்த கும்மாளம் தனி. அந்த டப்பிலிருந்து கிடைத்த உண்மையான சந்தோஷம் அது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டீச்சர் முழு நேரமும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுப் பக்கத்திலேயே இருந்தாராம். சரியான வேலை. சின்னப் பிள்ளை மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும். சத்தம்கூடக் கேட்காது.

பிறகு 2022. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன காலம். மோட்டர் ஓடாது, டாங்கி நிரம்பாது. வந்த நேரத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்க வீட்டில் இருந்த மிகப் பெரிய பாத்திரம் இந்த டப்தான். 180 லீட்டரைப் பிடித்து, கழுவ, துடைக்க, கக்கூசுக்கு ஊற்ற என்று எடுத்தார்கள். நெருக்கடி முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஷவருக்காக டப்புக்குள் ஏறுவது கஷ்டம் என்று ஐயாவும் டீச்சரும் பின்பக்கத்து வெளிக்குளியலறையில் குளிக்கத் தொடங்கினார்கள். டப் தண்ணீர்க் கிடங்காகவே நின்றுவிட்டது.

2023 தொடக்கத்தில், மாரி முடிகிற நேரம், டெங்கு பார்க்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டோர்ச் அடித்துப் பார்த்தார். டப் தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படி வீடு வீடாகப் புகுந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து கண்டவர்கள் நாங்கள். தன் வீட்டுப் பாத்ரூமிலேயே அதை வளர்த்திருக்கிறோம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீருக்கு மேல், ஈரம் பிடித்த ஓரத்தில் ஒட்டி வைக்கும். தண்ணீரைத் திறந்துவிட்டால் முட்டை போகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். உரஞ்சித் தேய்த்தால்தான் போகும். முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே தண்ணீர் பிடித்து வைக்கிற எந்தப் பாத்திரத்தையும் வாரத்துக்கு ஒருமுறை வெறுமையாக்கித் தேய்க்க வேண்டும். இரண்டரை அடி அகல டப்பின் அந்தப் பக்கச் சுவரை எழுபது வயதில் குனிந்து தேய்ப்பது யார்? டீச்சர் செய்து பார்த்தார், இரண்டு வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு டப்பைக் காயவிட்டார்கள். வெளிக்குளியலறைக்கு இரவில் போவது பயம் என்று ஐயா திரும்ப டப்புக்குள் ஏறி ஷவரில் குளிக்கத் தொடங்கினார். விழுந்தது அப்படித்தான்.

மகளோடு பேசியது

டப்பை எடுப்பதென்றால் மகளிடம் கேட்காமல் எடுக்க முடியாது. ஒரு ஞாயிறு இரவு, அங்கே காலை, வட்ஸ்அப்பில் பேசினோம். "அண்ணா, அதை உடைக்கத்தான் போறீங்களா?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவர் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறார். பன்னிரண்டு மணித்தியாலம் நின்றபடி ஆட்களைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டுகிற வேலை. ஜனவரியில் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து பாகைக் குளிரில் பஸ்ஸுக்கு நின்று வீட்டுக்கு வந்தால், எலும்புக்குள் போன குளிர் எடுபட ஒரே வழி டப்பில் இருபது நிமிடம் படுப்பதுதானாம். கதவைப் பூட்டினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்தச் சுகத்தை அம்மா அப்பாவுக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் டப் கேட்டிருக்கிறார். அதில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஊரில் அந்த வேலை செய்கிறவருக்கு டப் ஆடம்பரம் இல்லை, மருந்து.

அப்புறம் கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "உண்மையைச் சொன்னா அண்ணா, எனக்கு ஞாபகம் வந்தது அம்மம்மா வீட்டுக் கிணத்தடித் தொட்டி. சின்னனில நான் அதுக்குள்ள இறங்கித்தான் இருப்பன். அம்மம்மா ஏசுவா."

அம்மம்மா வீடு திருக்கடலூரில், கடலுக்குப் பக்கம். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது கிணறு உப்பாகிவிட்டது. கரையோரம் முழுக்க நடந்தது அது. எத்தனையோ முறை இறைத்தும் நல்ல தண்ணீர் திரும்பவில்லை, பிறகு வளவையே விற்றுவிட்டார்கள். அந்தத் தொட்டி இப்போது இல்லை.

அதைக் கேட்ட பிறகுதான் இந்த ஆய்வின் கேள்வியே எனக்குத் தெளிவானது. எங்கள் பக்கத்துக் குளிப்பில் தொட்டி எப்போதும் இருந்திருக்கிறது. கிணற்றடியில் சீமெந்துத் தொட்டி, அதை நிரப்ப வாளியும் கயிறும், பிறகு மோட்டர். ஆனால் அது படுப்பதற்கல்ல. அள்ளி ஊற்றுவதற்கு. தலையில் முதல் வாளி விழும்போது மூச்சு நின்று வருமே, அதுதான் குளிப்பு. ஒருவர் உடம்பில் பட்ட தண்ணீர் திரும்பத் தொட்டிக்குள் போகக் கூடாது, வாழையடிக்குப் போக வேண்டும். கன்னியாவை யோசித்துப் பாருங்கள். நகரத்திலிருந்து 8 கிலோமீற்றர் அளவில், நிலத்துக்கடியிலிருந்து தானாகச் சுடுதண்ணீர் வருகிற ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். வேறு நாட்டில் இருந்தால் ஆட்கள் இறங்கி உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் விளிம்பில் நின்று வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறோம். சூடு பழக, குறைந்த சூட்டுக் கிணற்றில் தொடங்கி ஒவ்வொன்றாக மாறுவோம். சுடுதண்ணீர் சும்மா கிடைத்த இடத்திலும் எங்கள் சனம் அதற்குள் படுக்கவில்லை.

"அப்ப, தொட்டி ஒண்டு கட்டித் தரட்டா?" என்று கேட்டேன். சிரித்தார். "அப்பா விழாமல் குளிக்கட்டும் அண்ணா. மற்றதெல்லாம் உங்கட விருப்பம்."

என்ன செய்தோம்

டப்பை வைத்துக்கொண்டே சமாளிக்கும் வழியையும் பார்த்தேன். சுவரில் கைப்பிடிக் கம்பி, உள்ளே ரப்பர் விரிப்பு, விளிம்பின் குறுக்கே ஒரு பலகை வைத்து அதில் உட்கார்ந்து காலை உள்ளே எடுப்பது. கைக்காசு குறைந்த வீட்டுக்கு இது நல்ல வழி, பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் இங்கே விளிம்பு 19 அங்குலம், அதன் அகலம் இரண்டு அங்குலம்தான், பலகை ஆடியது. இன்னொரு காரணமும் இருந்தது. டப்பின் காலடியில் டைல்ஸ் இடுக்கில் எப்போதும் ஈரம், லேசான நாற்றம். அடியில் ஏதோ ஒழுகுகிறது. மேசன் முன்பக்கத்தை முழுவதுமாக டைல்ஸ் போட்டு மூடியிருந்ததால் உடைக்காமல் பார்க்க வழியில்லை. திறந்து பார்க்க ஒரு சின்னக் கதவு விட்டிருக்க வேண்டும். அதைப் படத்தில் காட்டாதவன் நான்.

உடைத்தோம். அடியில் கொட்டியிருந்த மணல் கறுத்து ஊறிக் கிடந்தது. இந்த அக்ரிலிக் டப் பின்பக்கம் பைபர்கிளாஸ் பூசிய மெல்லிய ஓடு. அடி முழுவதும் சாந்தில் உறுதியாக உட்கார வேண்டும். மணலில் உட்கார்ந்ததால், ஆள் ஏறி இறங்க ஏறி இறங்க மணல் ஒதுங்கி, டப் அசைந்து, கழிவுக்குழாய் மூட்டு விட்டுப்போயிருந்தது. சுவரோரத்துச் சிலிக்கனும் அதே காரணத்தால் வாய் பிளந்திருந்தது. டப் வைக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் நல்லது: சிலிக்கன் அடிக்கும்போது டப்பில் தண்ணீரை நிறைத்து வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும், காயும்வரை தண்ணீர் நிற்க வேண்டும். வெறும் டப்பில் அடித்தால், பாரம் ஏறியதும் டப் இறங்கி இடைவெளி திறந்துவிடும்.

இதே டப் மேல்மாடியில் இருந்திருந்தால் இந்த ஒழுக்கு கீழ்வீட்டுக் கூரையில் தெரிந்திருக்கும். பாரமும் கவனிக்க வேண்டியது. நிறைந்த டப்பும் ஆளும் சேர்ந்து சதுர மீற்றருக்கு 200 கிலோவைத் தாண்டும். சாதாரண வீட்டுத் தளத்துக்கு, ஆட்களுக்கும் தளபாடங்களுக்கும் என்று நாங்கள் போடுகிற கணக்கு 150 கிலோ. கட்டும்போதே சொன்னால் கம்பியைக் கூட்டிக் கொடுக்கலாம். கட்டிய பிறகு மேலே டப் ஏற்றுகிறவர்கள் பொறியியலாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

புது வேலை இரண்டு மேசன், ஒரு கையாளோடு ஆறு நாள் போனது. டப் இருந்த இடம் முழுவதையும் திறந்த குளிக்கிற இடமாக்கினோம். வாசல் படி இல்லை, விளிம்பு இல்லை. தரை மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவு, தண்ணீர் உள்மூலைக்கு ஓடும். டைல்ஸ் பளபளப்பில்லாத சொரசொரப்பு வகை, அதுவும் சின்னத் துண்டு. துண்டு சிறிதாக இருந்தால் இடுக்குகள் அதிகம், காலுக்குப் பிடிமானம் அதிகம். டைல்ஸுக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு தரம், சுவரில் ஒரு அடி உயரம் வரைக்கும் ஏற்றி. பூச்சு காய்ந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் போட்டோம்.

சுவரோடு 17 அங்குல உயரத்தில் சீமெந்து இருக்கை, ஐயா உட்கார்ந்து எழும்புகிற உயரத்தைக் கதிரையில் அளந்து பார்த்து வைத்தது. கைப்பிடிகள் இரண்டு: ஒன்று இருக்கைக்குப் பக்கத்தில் படுக்கையாக, ஒன்று நுழைகிற இடத்தில் நேராக. டவல் போடுகிற கம்பியைக் கைப்பிடி என்று நினைத்து ஆட்கள் பிடிப்பார்கள், அது ஆளின் பாரத்தைத் தாங்காது. எனவே டவல் கம்பியை அந்தச் சுவரிலேயே வைக்கவில்லை.

இருக்கையின் கை எட்டும் தூரத்தில் ஒரு தொட்டி. ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம். கிட்டத்தட்ட 95 லீட்டர். பெரிதாகக் கட்டச் சொல்லி டீச்சர் கேட்டார், நான் மறுத்தேன். இரண்டு பேர் ஒரு நாள் குளித்தால் தீர்ந்துவிடுகிற அளவுதான் சரி. தீராத தொட்டி நுளம்புத் தொட்டி. அடியில் ஒரு அங்குலக் குழாயும் திறப்பும் வைத்தோம், மிஞ்சியதை இரவில் திறந்துவிடலாம். உள்பக்கம் வெள்ளை டைல்ஸ், குடம்பி இருந்தால் கண்ணில் படும். குளிக்கிற தண்ணீர் முழுவதும் ஒரு சல்லிக் குழி வழியாகப் பின்வளவு வாழைக்குப் போகிறது. ஷவரும் இருக்கிறது, கையில் பிடிக்கிற வகை, மருமகளின் பிள்ளைகள் கீழே வந்தால் அதில்தான் குளிக்கிறார்கள்.

டப்பைத் தம்பலகாமத்திலிருந்து டீச்சரின் தம்பி வந்து லான்ட்மாஸ்டரில், அதாவது இரண்டு சக்கர உழவு இயந்திரத்தில், ஏற்றிப் போனார். இப்போது அது மாட்டுப்பட்டியில் தண்ணீர்த் தொட்டி. 1883இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் கோலர் என்கிற இரும்பு வார்ப்புக்காரர், பண்ணையில் கால்நடைக்குப் பாவிக்கிற வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, இதை வீட்டில் குளிக்கவும் பாவிக்கலாம் என்று விற்கத் தொடங்கியதாக அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. மாடுகளிடமிருந்து வந்தது மாடுகளிடமே போயிருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன், அவருக்குப் பிடித்திருந்தது.

மற்ற வீடுகளுக்கு

ஒரு வீட்டை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுதக் கூடாது. டப் சரியான வீடுகளும் உண்டு. நாட்பட்ட மூட்டுவலிக்குச் சூடான தண்ணீரில் கிடப்பது ஒருவருக்கு உண்மையாகவே ஆறுதல் தருகிறது, ஏறி இறங்க உடம்பில் தெம்பும் உதவிக்கு ஆளும் இருக்கிறது, சூரியச் சுடுநீர்த் தாங்கி கூரையில் இருக்கிறது என்றால் தாராளமாக வைக்கலாம். அப்போதும் ஷவரை அதற்கு மேல் வைக்காதீர்கள். தினமும் குளிக்கிற இடம் வேறாக, தரை மட்டத்தில் இருக்கட்டும். கைக்குழந்தைக்கு என்று வைக்கிறவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட அம்மம்மா இருக்கிறார், அதற்குப் பிறகு ஒரு பேசின் போதும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி கட்டுகிறவர்கள் "வெள்ளைக்காரர் டப் கேட்பினம்" என்று சொல்வதுண்டு. கடலில் குளித்துவிட்டு மணலோடு வருகிறவருக்கு முதலில் வேண்டியது உப்பைக் கழுவ ஒரு நல்ல ஷவரும், மணல் அடைக்காத வடிகாலும். அதைச் சரியாகச் செய்த விடுதி குறைவு. விற்கும்போது விலை கூடும் என்பதும் அங்கே கேட்டு வந்த கதை. வெளிநாட்டில் ஒரு டப்பாவது இல்லாத வீட்டை வாங்கச் சிலர் தயங்குவார்கள். உவர்மலையில் வீடு பார்க்க வருகிறவர் காணியையும் தண்ணீரையும் பாதையையும் கேட்பார். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிற வளவில் டப் இரண்டு மழைக்காலத்துக்குள் வெள்ளைப் படிவு பிடித்துக் கிழடு தட்டிவிடும், அது விலையைக் குறைக்கும்.

ஒரு வருடத்துக்குப் பிறகு

2025 ஆகஸ்டில் மகள் வந்தார். வந்து மூன்றாம் நாள் டீச்சர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். சூடைமீன் பொரியலும் முருங்கைக்காய்க் குழம்பும். சாப்பாட்டுக்கு முன்னால் மகள் என்னைக் கூட்டிப்போய்ப் பாத்ரூமைக் காட்டினார், நான் கட்டியதை எனக்கே. தொட்டிக்குள் அவர் உட்கார முடியாது, அவ்வளவு சின்னது. "காலையில அப்பாவும் நானும் மாறி மாறிக் குளிச்சம். பேணியால அள்ளி ஊத்த ஊத்த, கையைக் கீழ வைக்க மனம் வரேல்ல" என்றார். டொரண்டோ வீட்டு டப்பை எடுக்கப் போவதில்லை என்றும் சொன்னார். எடுக்கவே கூடாது என்றேன். அங்கே அது வேண்டும்.

ஐயா இதுவரை விழவில்லை. இருக்கை நல்லது, தரை நல்லது என்றவர், கைப்பிடி மட்டும் கொஞ்சம் உயரம் என்றார். எழும்பும்போது தோள் இழுக்கிறதாம். உட்காரச் சொல்லி அளந்து பார்த்தேன். இரண்டு அங்குலம் இறக்க வேண்டும். பழைய துளைகளை அடைக்க அதே நிற டைல்ஸில் நான்கு துண்டு மிச்சம் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மேசனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.